பழைய வேகன்ஆரில் கூலன்ட் மாற்றுதல்: காற்றை வெளியேற்றாமல் வேலை முடியாது

எங்கள் வேகன்ஆர் 2007 மாடல். பெங்களூரு அல்சூரிலிருந்து அப்பாவை மருத்துவமனைக்கு அழைத்துப் போவது இன்றும் அதில்தான். சென்ற கோடையில் சில்க் போர்டு நெரிசலில் நின்றபோது வெப்பநிலை முள் ஏறத் தொடங்கியது. ஓடினால் இறங்கும், நின்றால் ஏறும். இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டை மாற்றினேன், அப்போதும் ஏறியது. காரணம் புரிய இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின.

வாங்க வேண்டியவை: அடர் கூலன்ட், டிஸ்டில்டு வாட்டர், திருகு வைத்த ஹோஸ் கிளிப்புகள், புதிய ரேடியேட்டர் மூடி. எல்லாம் ஜே.சி. ரோட்டில் கிடைக்கும். தண்ணீர் கலந்தே விற்கும் கூலன்ட் இந்த வேலைக்கு வேண்டாம். கழுவிய நீரில் ஒரு பகுதி இன்ஜினுக்குள்ளேயே தங்கி, அதை மேலும் நீர்க்கச் செய்துவிடும். போர் தண்ணீரை ஒருபோதும் ஊற்றாதீர்கள். பாத்திரத்தின் அடியில் படியும் அதே வெள்ளை உப்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் அடைக்கும்.

மூடியை அலட்சியம் செய்யாதீர்கள். பெங்களூரு சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால், திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூடி அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் 100 டிகிரியைத் தாண்டியும் ரேடியேட்டரில் கொதிப்பு இல்லை. பழைய மூடியில் பொறித்திருக்கும் அழுத்த எண்ணையே சொல்லி வாங்குங்கள்.

இன்ஜின் முழுவதும் ஆறிய பிறகே மூடியைத் திறக்க வேண்டும். நான் காலையில் செய்கிறேன். ரேடியேட்டருக்கு அடியில் அகன்ற தட்டை வைத்து, கீழ் ஹோஸைக் கழற்றுங்கள். வடிகால் திருகை நான் தொடுவதில்லை. பழைய பிளாஸ்டிக் எளிதில் உடையும். வடிந்ததைத் தெருவில் கொட்டாதீர்கள். இனிப்பாக இருப்பதால் நாய்கள் நக்கும். அது கொடிய நஞ்சு. கேனில் அடைத்துப் பணிமனையில் கொடுத்துவிடுங்கள்.

டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, தெளிவாக வரும்வரை கழுவி வடியுங்கள். கடைசியாக வடிந்த நீரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஹோஸைப் புதிய கிளிப்பால் இறுக்கி, வண்டியின் கையேட்டில் உள்ள மொத்தக் கொள்ளளவுக்கு டப்பாவில் சொன்ன விகிதப்படி வேண்டிய அடர் கூலன்ட்டை முதலில் ஊற்றுங்கள். மீதியை டிஸ்டில்டு வாட்டரால் நிரப்புங்கள். நான் குறித்தது 3 லிட்டர். உள்ளே போனதோ இரண்டரைதான். மூடிவிட்டு ஓட்டிப் போனேன். அந்த அரை லிட்டர் இடத்தில் காற்று இருந்தது. விசிறியை இயக்கும் சென்சாரைச் சுற்றிக் கூலன்ட் இருந்தால்தான் அது சூட்டைச் சரியாக உணரும். காற்று சூழ்ந்திருந்ததால் விசிறி சுற்றவே இல்லை.

காற்றை எடுக்கும் முறை இது. மூக்கு மேலே இருக்கும்படி வண்டியைச் சரிவில் நிறுத்துங்கள். எங்கள் குடியிருப்பின் வாகன நிறுத்தத்துக்கு இறங்கும் சாய்தளம், வானம் தெரியும் இடம், போதுமானதாக இருந்தது. மூடிய இடத்தில் இன்ஜினை ஓடவிடாதீர்கள், புகை ஆளைக் கொல்லும். கைப்பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்குப் பின்னால் செங்கல் வையுங்கள். மூடி திறந்தே இருக்க, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ஆறிய இன்ஜினை நியூட்ரலில் ஓடவிடுங்கள். குமிழ்கள் வரும். மேல் ஹோஸைத் துணியால் பிடித்து மெல்ல அமுக்குங்கள்; மட்டம் இறங்க இறங்க ஊற்றுங்கள். விசிறியிடம் கையைக் கொண்டுபோகாதீர்கள். தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடானதும் கூலன்ட்டுக்கு வழிவிடும் வால்வு) திறந்ததும் மேல் ஹோஸ் சட்டெனச் சூடாகி, மட்டம் ஒரேயடியாக இறங்கும். நான் முதல்முறை காத்திராமல் விட்டது இந்தக் கணத்தைத்தான். குமிழ்கள் நின்றதும் மூடியைப் பூட்டி, விசிறி இரண்டுமுறை சுற்றி நிற்கும்வரை பாருங்கள். ஹீட்டரில் சூடான காற்று வந்தால் நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள். முள் ஏறியும் குளிர்ந்த காற்றே வந்தால் உள்ளே இன்னும் காற்று அடைத்திருக்கிறது. மறுநாள் காலை ஆறிய நிலையில் மட்டத்தைச் சரிபாருங்கள்.

பின்சேர்க்கை: அரைமணி நேரம் ஆகியும் குமிழ்கள் நிற்கவில்லை என்று இருவர் கேட்டிருந்தார்கள். இன்ஜின் எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து உட்புறத்தைப் பாருங்கள். பால்காபி நிறத்தில் பசை ஒட்டியிருந்தாலும், எங்கும் கசிவு தெரியாமல் கூலன்ட் குறைந்துகொண்டே போனாலும், ஹெட் கேஸ்கெட் (இன்ஜினின் தலைப்பகுதிக்கும் உடல்பகுதிக்கும் இடையே கசிவைத் தடுக்கும் தகடு) போயிருக்கலாம். வண்டியை ஓட்டாதீர்கள், மெக்கானிக்கிடம் இழுத்துச் செல்ல ஏற்பாடு செய்யுங்கள்.