அமெரிக்கால எகனாமிக்ஸ், அக்கவுண்டிங் பிஎச்டிக்கு அப்ளை பண்றது எப்படி (ரெண்டு தடவை பண்ணினவ சொல்றேன்)

மொதல்லயே சொல்லிடுறேன், இது பெரிய பெரிய ஸ்கூல்ல சீட் வாங்கின ஆளோட பதிவு இல்ல. நான் பி.காம், சிஏ இன்டர்ல ஒரே ஒரு க்ரூப் க்ளியர் பண்ணிட்டு மூணு வருஷம் ஆர்ட்டிகிள்ஷிப் (ஆடிட்டர் ஆஃபீஸ்ல ட்ரெய்னிங்), அப்புறம் அதை விட்டுட்டு எம்ஏ எகனாமிக்ஸ். மொத வருஷம் 11 இடத்துல போட்டேன், 11லயும் ரிஜெக்ட். அடுத்த வருஷம் 9 இடம், ரெண்டு அட்மிட், ஒரு வெயிட்லிஸ்ட். இப்ப அக்கவுண்டிங் பிஎச்டி ரெண்டாவது வருஷம். வாரத்துக்கு ரெண்டு பேராவது "அக்கா எப்படிக்கா அப்ளை பண்றது"ன்னு மெசேஜ் போடுறாங்க, ஒவ்வொருத்தருக்கா டைப் அடிச்சு கை வலிக்குது, அதான் இந்தப் பதிவு.

ஜிஆர்இக்கு (அட்மிஷனுக்கு எழுதற டெஸ்ட்) எப்படி படிக்கறது, வேர்ட் லிஸ்ட் எது, அதெல்லாம் இங்க இல்ல. அதுக்கு ஏகப்பட்ட வீடியோ இருக்கு.

ஸ்டெப் 1: எகனாமிக்ஸா அக்கவுண்டிங்கான்னு மொதல்ல முடிவு பண்ணுங்க

ரெண்டும் பக்கத்து வீடுதான், ஆனா வாசல் வேற வேற. எகனாமிக்ஸ் பிஎச்டிய பெரும்பாலும் எகனாமிக்ஸ் டிபார்ட்மெண்ட் நடத்தும், அக்கவுண்டிங் பிஎச்டி பிசினஸ் ஸ்கூலுக்குள்ள இருக்கும். பெரிய எகனாமிக்ஸ் டிபார்ட்மெண்ட்ல ஒரு பேட்ச்சுக்கு 20, 25 பேர் எடுப்பாங்க. அக்கவுண்டிங்ல ரெண்டு பேர், மூணு பேர், சில ஸ்கூல்ல ஒரு வருஷம் ஆளே எடுக்க மாட்டாங்க, அதனால வெப்சைட்டப் பாத்து இந்த வருஷம் எடுக்கறாங்களான்னு உறுதி பண்ணிட்டு காசு கட்டுங்க.

எகனாமிக்ஸ் அட்மிஷன் கமிட்டி தேடுறது கணக்கு. கால்குலஸ், லீனியர் அல்ஜீப்ரா, ப்ராபபிலிட்டி, முக்கியமா ரியல் அனாலிசிஸ் (கால்குலஸ ப்ரூஃபோட படிக்கற கணக்கு). எம்ஏல எவ்ளோ மார்க் வாங்கியிருந்தாலும் ரியல் அனாலிசிஸ் இல்லன்னா நல்ல டிபார்ட்மெண்ட்ல யோசிப்பாங்க. நான் பி.காம், அந்தப் பேரையே எம்ஏ சேந்தப்புறம்தான் கேள்விப்பட்டேன். ஐஐடிங்க நடத்தற என்பிடெல் ஆன்லைன் சைட்ல 12 வாரக் கோர்ஸ் எடுத்து எக்ஸாம் எழுதினேன். காலேஜ் ட்ரான்ஸ்கிரிப்ட்ல இருக்கற மார்க்குக்கு அது ஈடு கிடையாது, ஆனா ஒண்ணுமே இல்லாததுக்கு எவ்வளவோ மேல்.

அக்கவுண்டிங்குக்கு கணக்கு வேண்டாம்னு நெனச்சு வராதீங்க. நெறைய ஸ்கூல்ல மொத வருஷம் மைக்ரோ எகனாமிக்ஸும் எகனோமெட்ரிக்ஸும் (எகனாமிக்ஸ் டேட்டாவுக்கான ஸ்டாட்டிஸ்டிக்ஸ்) எகனாமிக்ஸ் பசங்க கூடவே உக்காந்துதான் படிக்கணும். இந்தத் துறையோட பெரிய ஜர்னல்கள்ல ஒண்ணு 1979ல ராச்செஸ்டர்ல ஆரம்பிச்சது, அதோட பேரே ஜர்னல் ஆஃப் அக்கவுண்டிங் அண்ட் எகனாமிக்ஸ்தான். இன்னொரு விஷயம், சிஏ படிச்சவங்க பலர் இதை சிஏவோட அடுத்த படின்னு நெனச்சுக்கறாங்க. இல்லங்க. ஜர்னல் என்ட்ரி போட இங்க யாரும் சொல்லித் தர மாட்டாங்க. கம்பெனி ரிசல்ட் வந்தா ஷேர் விலை ஏன் ஆடுது, ஆடிட்டர மாத்தினா கணக்கு சுத்தமாகுதா, இந்த மாதிரி கேள்விக்கு டேட்டாவ வச்சு பதில் தேடுற வேலை. அதுலயும் ஆள வச்சு எக்ஸ்பெரிமெண்ட் பண்றவங்க தனி. கார்னெல், இல்லினாய் அர்பானா-ஷாம்பேன் எல்லாம் அதுக்குப் பேர் போனது. எந்த ஸ்கூல் எந்தப் பக்கம்னு பாக்காம போட்டா அப்ளிகேஷன் ஃபீஸ் தண்டம், நான் கட்டியிருக்கேன் அந்த தண்டம்.

ஸ்டெப் 2: ஷீட் போடுங்க

கூகுள் ஷீட்ஸ் போதும். நோஷன் கீஷன்னு அழகு பாத்துட்டு உக்காராதீங்க. ஸ்கூல், டெட்லைன், ஃபீஸ், ஜிஆர்இ வேணுமா, டோஃபல் (இங்கிலீஷ் டெஸ்ட்) வேணுமா, சிபாரிசு லெட்டர் எத்தனை, லெட்டர் வந்துச்சா, ஸ்கோர் மேட்ச் ஆச்சா. அந்தக் கடைசி கட்டத்த மறக்காதீங்க, ஏன்னு ஸ்டெப் 4ல சொல்றேன்.

டெட்லைன் பெரும்பாலும் டிசம்பர்லயும் ஜனவரி முதல் பாதியிலயும் வரும். அங்க ராத்திரி 11:59ன்னா ஈஸ்டர்ன் டைம்ல நமக்கு மறுநாள் காலைல 10:29, பசிஃபிக் டைம்ல மதியம் 1:29. நான் அதை இந்திய நேரத்துலயே எழுதி வச்சிருந்தேன், அது ஒரு நாள் காப்பாத்துச்சு, கரண்ட் போய் வந்த அப்புறம் நெட் வந்தது காலைல ஒம்போதரைக்கு.

ஃபீஸ் ஒரு ஸ்கூலுக்கு சுமாரா 100 டாலர்னு வச்சுக்கோங்க, பத்துப் பன்னெண்டு இடம்னா லட்ச ரூபாய நெருங்கும். ஃபீஸ் வேவர் தர்றாங்களான்னு கேட்டு ஒரு மெயில் போடுறதுல வெக்கமே வேண்டாம், எனக்கு ரெண்டு இடத்துல கொடுத்தாங்க. அப்புறம் உங்க டெபிட் கார்டுல இன்டர்நேஷனல் ட்ரான்சாக்ஷன் ஆன்ல இருக்கான்னு இன்னிக்கே பாருங்க. 2020ல இருந்து புதுக் கார்டு எல்லாம் அது ஆஃப்லதான் வரும், பேங்க் ஆப்ல நாமதான் ஆன் பண்ணணும்.

ஸ்டெப் 3: லெட்டர்

மூணு லெட்டர் வேணும். டிசம்பர் டெட்லைனுக்கு ஆகஸ்ட்லயே போய்க் கேளுங்க. நம்ம ஊர்ல நெறைய சார் மேடம் சொல்றது ஒண்ணுதான், "நீயே எழுதிட்டு வாம்மா, நான் பாத்துட்டு போட்டுடுறேன்." மொத வருஷம் நானும் எழுதிக் கொடுத்தேன். ஒருத்தருக்கு இல்ல, மூணு பேருக்கும். இப்ப எடுத்துப் படிச்சா சிரிப்பா வருது, மூணுலயும் "கடின உழைப்பாளி", "நேரம் தவறாதவர்", ஒரே ஆள் எழுதினதுன்னு சின்னக் குழந்தைக்குத் தெரியும். அது தப்பும்கூட.

ரெண்டாவது வருஷம் வேற மாதிரி பண்ணேன். ஒரே பக்கத்துல குறிப்பு எழுதிக் கொடுத்தேன். அவங்ககிட்ட என்ன பேப்பர் படிச்சேன், டிசர்ட்டேஷன்ல எந்த இடத்துல மாட்டினேன், அதை எப்படி சரி பண்ணினேன், அவங்க என்ன சொல்லி திட்டினாங்க. திட்டினதையும் எழுதினேன். மேடம் அதைப் படிச்சுட்டு சிரிச்சுட்டு, "சரி, நானே எழுதுறேன் விடு"ன்னாங்க. ரிசர்ச்ல உங்களப் பக்கத்துல இருந்து பாத்த ஒருத்தரோட லெட்டர், பெரிய பதவில இருந்துட்டு உங்க பேர மறந்துட்ட மூணு பேர் லெட்டர விட நல்லது. இப்படி ஆளே இல்லன்னா ஒரு வருஷம் ரெண்டு வருஷம் ரிசர்ச் வேலைக்குப் போங்க. வறுமை பத்தி ரிசர்ச் பண்ற ஜேபால் சவுத் ஏஷியா மாதிரி இடத்துல ரிசர்ச் அசோசியேட் வேலை வரும், டேட்டா அலசுற சாஃப்ட்வேர்ல ஸ்டாட்டாவோ ஆர்-ஓ ஓரளவு தெரிஞ்சிருக்கணும். ரெண்டுல எதுன்னு கேட்டா ஆர், ஏன்னா ஃப்ரீ. க்ராக் பண்ணின ஸ்டாட்டாவ வச்சு கத்துக்கறேன்னு சொல்றவங்களுக்கு நான் ஒண்ணும் சொல்றதுக்கில்ல.

லெட்டர் கொடுக்கறவங்களுக்கு போர்ட்டல்ல இருந்து லிங்க் போகும், அது ஸ்பேம்ல போய் விழும், அதனால அனுப்பின அன்னிக்கே ஃபோன் பண்ணி ஸ்பேம் பாக்கச் சொல்லுங்க. காலேஜ் மெயில் ஐடிய வாங்கிப் போடுங்க, பழைய யாஹூ ஐடி வேண்டாம். அந்தப் பக்கத்துலயே ஒரு கேள்வி வரும், லெட்டரப் பாக்கற உரிமைய விட்டுக் கொடுக்கறீங்களான்னு. அங்க 1974ல வந்த ஒரு சட்டப்படி ஸ்டூடண்ட் தன்னோட ஃபைல கேட்டுப் பாக்கலாம், அதைத்தான் கேக்கறாங்க. "உரிமைய ஏன் விடணும்"னு என் ஃப்ரெண்ட் ஒருத்தன் வேண்டாம்னு டிக் பண்ணிட்டான். விட்டுக் கொடுங்க. இல்லன்னா அந்த லெட்டர யாரும் முழுசா நம்ப மாட்டாங்க.

ஸ்டெப் 4: பேரு. இங்கதான் நான் விழுந்தேன்

இதை மட்டும் நிதானமா படிங்க.

நமக்கு சர்நேம் கிடையாது, இனிஷியல்தான். உதாரணத்துக்கு எஸ். கார்த்திகான்னு ஒரு பொண்ணு. பத்தாவது மார்க்‌ஷீட்ல "கார்த்திகா எஸ்". டிகிரில "எஸ். கார்த்திகா". பாஸ்போர்ட்ல கார்த்திகா ஒரு கட்டத்துலயும் அப்பா பேரு முழுசா சர்நேம் கட்டத்துலயும். என் கதையும் அச்சு அசல் இதேதான். ஜிஆர்இக்கு பாஸ்போர்ட்ல இருக்கற மாதிரி கொடுத்தேன், அது கட்டாயம், எழுத்து மாறினா உள்ளயே விட மாட்டாங்க. ஆனா யூனிவர்சிட்டி அப்ளிகேஷன்ல, சர்டிஃபிகேட்டோட ஒத்துப் போகணுமேன்னு புத்திசாலித்தனமா லாஸ்ட் நேம்ல வெறும் "எஸ்" போட்டேன்.

ஸ்கோர் அங்க போகும்போது சிஸ்டம் பேரையும் பொறந்த தேதியையும் வச்சுதான் தேடும். அப்பா பேரு இருக்கற ஆளு அங்க இல்ல, "எஸ்"னு ஒருத்திதான் இருக்கா. ஸ்கோர் எங்கயோ அநாதையா கெடக்கு, என் செக்லிஸ்ட்ல "வரலை"ன்னு மஞ்சள் கலர்ல காட்டுது. நான் என்ன நெனச்சேன், தபால் மாதிரி மெதுவா வரும்போலன்னு. ஜனவரி கடைசில மெயில் போட்டேன். ஒரு ஸ்கூல்ல கோஆர்டினேட்டர் நல்ல மனுஷி, கையால சேத்து விட்டாங்க. இன்னொரு இடத்துல முழுசா இல்லாத ஃபைல கமிட்டி பாக்கலைன்னு ரெண்டு வரில பதில் வந்துச்சு. ஃபீஸும் போச்சு.

அதனால பாஸ்போர்ட்ல எப்படியோ அதேதான் எல்லா இடத்துலயும். ஜிஆர்இ, டோஃபல், அப்ளிகேஷன், எல்லாம். சர்டிஃபிகேட்ல வேற மாதிரி இருக்குன்னா ஃபார்ம்ல "வேற பேர்கள்"னு ஒரு கட்டம் இருக்கும், அங்க இனிஷியலோட இருக்கறத போடுங்க. சப்மிட் பண்ணி ரெண்டு வாரத்துல ஸ்கோர் சேரலைன்னா ஸ்கோர் ரிப்போர்ட் பிடிஎஃப், பாஸ்போர்ட் முதல் பக்கம், அப்ளிகேஷன் நம்பர் மூணையும் வச்சு மெயில் போடுங்க.

ஸ்டெப் 5: ட்ரான்ஸ்கிரிப்ட்

சீக்கிரம் முடிச்சுடலாம். அப்ளை பண்ண பெரும்பாலும் ஸ்கேன் காப்பி போதும், சீல் வச்ச ஒரிஜினல் அட்மிஷன் கெடச்சப்புறம்தான். எல்லா செமஸ்டர் மார்க்‌ஷீட்டும் முன்பக்கம் பின்பக்கம் சேத்து ஒரே பிடிஎஃப். பர்சன்டேஜ நீங்களா அவங்க நாலு பாயிண்ட் ஜிபிஏவுக்கு மாத்தாதீங்க, இருக்கற மாதிரியே போடுங்க. மூணு வருஷ டிகிரி மட்டும்னா சில யூனிவர்சிட்டி ஏத்துக்காது, மேல எம்ஏ எம்.காம் இருந்தா பிரச்சனை பெரும்பாலும் வராது.

ஸ்டெப் 6: எஸ்ஓபி (ஏன் பிஎச்டி, என்ன ரிசர்ச்னு நாம எழுதற கட்டுரை)

என் மொத எஸ்ஓபி "சிறு வயதிலிருந்தே எண்கள் மீது ஆர்வம்"னு ஆரம்பிச்சது. போதும், மேல சொல்ல வேண்டாம்.

ரெண்டாவது தடவை ஒரு ரைஸ் மில்லுல ஆரம்பிச்சேன். ஆர்ட்டிகிள்ஷிப்ல மார்ச் 31 ஸ்டாக் எண்ண அனுப்புவாங்க, மூட்டை மேல ஏறி நின்னு எண்ணணும், தவிடு தூசி மூக்குல போய் ரெண்டு நாளைக்குத் தும்மல். அங்க சேல்ஸ் பில் எடுத்துப் பாத்தா கடைசி வாரத்துல மட்டும் குவிஞ்சு கெடக்கு. 31ம் தேதி போட்ட பில்லுக்கு லாரி ரசீது ஏப்ரல் 3, அதாவது அடுத்த வருஷ விற்பனைய இந்த வருஷக் கணக்குல காட்டியிருக்காங்க. சீனியர் கேட்டாரு, ஓனர் டீ வாங்கிக் கொடுத்தாரு. எனக்கு அப்ப வந்த கேள்வி, லோன் ரினீவல் இருக்கற வருஷம்தான் இப்படி ஆகுதா, இல்ல எல்லா வருஷமுமா? அந்தக் கேள்வியத்தான் எஸ்ஓபில எழுதினேன். அதுல இருந்து 2013 கம்பெனிச் சட்டத்துல வந்த ஆடிட்டர் மாத்தற விதிக்குப் போய், இதை டேட்டாவுல எப்படிப் பாக்கலாம்னு ரெண்டு பாரா. இன்டர்வியூல ரெண்டு ப்ரொஃபசருமே மில்லப் பத்திதான் கேட்டாங்க. எகனாமிக்ஸ்ல பெரும்பாலும் இன்டர்வியூ இருக்காது, அக்கவுண்டிங்ல ஜூம்ல கூப்பிடுவாங்க, ஜனவரி பிப்ரவரில மெயிலப் பாத்துட்டே இருங்க.

எழுதறதுக்கு கூகுள் டாக்ஸ், சிவிக்கு ஓவர்லீஃப் (ஆன்லைன்லயே டாக்குமெண்ட் போடுற சைட்). ஏஐல எழுதி வாங்காதீங்க, உங்க மில்லு அதுக்குத் தெரியாது.

ஸ்டெப் 7: அட்மிட் வந்தப்புறம்

பிப்ரவரி, மார்ச்ல வரும். ட்யூஷன் தள்ளுபடி, மேல ஸ்டைபண்ட், அஞ்சு வருஷத்துக்குன்னு லெட்டர்ல எழுத்துல இருக்கணும். ஃபண்டிங் இல்லாத பிஎச்டிக்கு வீட்ட அடமானம் வச்சுட்டுப் போகாதீங்க. ஏப்ரல் 15 வரைக்கும் முடிவு சொல்ல டைம் உண்டு, பெரும்பாலான யூனிவர்சிட்டி அதுக்கு ஒத்துக்கிட்டு கையெழுத்துப் போட்டிருக்கு, யாராவது முன்னாடியே அவசரப்படுத்தினா அந்தத் தேதிய நெனவுபடுத்துங்க. வெயிட்லிஸ்ட் நகர்றதும் அந்தக் கடைசி வாரத்துலதான். யூனிவர்சிட்டி அனுப்பற ஐ-20 ஃபார்ம் வந்தப்புறம் செவிஸ் (வெளிநாட்டு ஸ்டூடண்ட் ரெக்கார்ட் சிஸ்டம்) ஃபீஸ் 350 டாலர், விசா அப்ளிகேஷன் ஃபீஸ் 185. எனக்கு ஜெமினி ஃப்ளைஓவர் பக்கத்துல கான்சுலேட் வாசல்ல நின்ன நேரம் ரெண்டு மணி நேரம், உள்ள பேசினது ரெண்டு நிமிஷம்.

அப்டேட்: கமெண்ட்ல ஒரு தம்பி கேட்டிருந்தாப்ல, "அக்கா, என் பாஸ்போர்ட்ல சர்நேம் காலியா இருக்கு, எல்லாம் ஒரே கட்டத்துல." இதை நான் எழுதாம விட்டது தப்பு. அப்படி இருந்தா விசாவுல உங்க முழுப் பேரும் சர்நேம் கட்டத்துக்குப் போயிடும், மொதப் பேரு இருக்கற எடத்துல எஃப்என்யூன்னு அடிச்சு வரும், பேரு தெரியலைன்னு அர்த்தம். விசா கெடைக்கும், அதுல தப்பொண்ணும் இல்ல. ஆனா அதுக்கப்புறம் பேங்க், லைசன்ஸ், சம்பளம் எல்லாத்துலயும் அது ஒட்டிக்கிட்டே வரும். எங்க டிபார்ட்மெண்ட்ல ஒரு தெலுங்குப் பையனுக்கு மெயில் ஐடியே அந்த மூணு எழுத்துலதான் ஆரம்பிக்குது, மொத நாள் அட்டெண்டன்ஸ்ல ப்ரொஃபசர் "ஃப்னூ, ஃப்னூ"ன்னு கூப்பிட்டுட்டே இருந்தாரு, இவன் யாரையோ கூப்பிடுறாருன்னு உக்காந்திருந்தான்.

மாத்தணும்னா பாஸ்போர்ட் சேவால ரீஇஷ்யூ போட்டு, விவரங்கள்ல மாற்றம்னு செலக்ட் பண்ணி பேரப் பிரிச்சு வாங்கிக்கலாம். ஜிஆர்இ ரெஜிஸ்டர் பண்றதுக்கு முன்னாடி பண்ணுங்க தம்பி, அப்புறம் பண்ணினா ஸ்டெப் 4 திரும்ப மொதல்ல இருந்து.