பழைய ஃபெல்ட் தொப்பியை வாங்கிப் பேணி அணிவது எப்படி?

பழைய ஃபெல்ட் தொப்பி (விலங்கு மயிரை இறுக்கிச் செய்த தொப்பி) வாங்க ஆசைப்படுகிறவர்களில் பலர் அதன் நிறத்தையும் விளிம்பின் வளைவையும் கண்டு மயங்கி, உட்புறத்தைத் திருப்பிப் பார்க்காமலேயே பணம் கொடுத்துவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் சாம்பல் நிற ஃபெடோரா (உச்சியில் குழிவும் சுற்றிலும் விளிம்பும் உள்ள தொப்பி) ஒன்றை முதன்முதலில் வாங்கினேன். வீட்டுக்கு வந்து தலையில் வைத்து லேசாக அழுத்தியதும், உள்ளேயிருந்த தோல் பட்டை அப்பளம்போல் நொறுங்கித் தோளில் உதிர்ந்தது. அன்றிலிருந்து எந்தத் தொப்பியைக் கையில் எடுத்தாலும் முதலில் அதைக் கவிழ்த்து உள்ளேதான் பார்க்கிறேன்.

1930களுக்கும் 1960களுக்கும் இடையில் அமெரிக்காவில் செய்யப்பட்ட ஆண்கள் ஃபெடோராவையே இங்கே எடுத்துக்கொள்கிறேன். பழைய தொப்பிச் சந்தையில் அதிகம் கிடைப்பவை அவைதாம். அவற்றின் உள்முத்திரைகளைப் படித்து வயதைக் கணிப்பதும் தொடக்கநிலையாளருக்கு எளிது.

படி 1: தலையை அளந்துகொள்ளுங்கள்

இஞ்சு டேப்பை நெற்றியின் நடுவிலும், காதுகளுக்கு ஒரு விரற்கடை மேலேயும், பின்தலையில் புடைத்த பகுதியின் மீதும் படும்படி சுற்றி, இறுக்காமல் சென்டிமீட்டரில் அளந்து கொள்ளுங்கள். அந்த எண்ணை 8ஆல் வகுத்தால் அமெரிக்கத் தொப்பி அளவு கிடைத்துவிடும். 56 செ.மீ. தலைக்கு 7, 57க்கு 7⅛, 58க்கு 7¼, 60க்கு 7½. அமெரிக்க அளவு என்பது தலைச்சுற்றளவை வட்டமாகக் கொண்டால் வரும் விட்டத்தின் அங்குலக் கணக்கு என்பதால்தான் இந்தக் குறுக்குவழி பொருந்துகிறது. பிரிட்டிஷ் தொப்பிகளில் இதைவிட ⅛ குறைவாகவும், இத்தாலியத் தொப்பிகளில் நேரடியாகச் சென்டிமீட்டரிலும் குறித்திருப்பார்கள்.

இவ்வளவு கணக்கிட்ட பிறகும் தொப்பியில் அச்சிட்ட அளவை அப்படியே நம்பிவிட வேண்டாம். தோல் பட்டை காலப்போக்கில் சுருங்கி ஃபெல்ட்டையும் உள்ளே இழுத்துவிடுவதால், 7⅛ என்று அச்சிட்ட தொப்பி உண்மையில் 7 ஆகவோ அதற்கும் குறைவாகவோ இருக்கலாம். எனவே தொலைவிலிருந்து வாங்கும்போது, பட்டையின் உட்புறத்தை டேப்பால் சுற்றி அளந்து சொல்லுமாறு விற்பவரிடம் கேளுங்கள். சற்றே பெரிய தொப்பியைப் பட்டைக்குப் பின்னால் மெல்லிய ஸ்பாஞ்ச் நாடா செருகிச் சரிசெய்துவிடலாம்; சிறிய தொப்பியை விரிக்க முயன்றால் பழைய தோல் தையலோடு கிழியும் என்பதால், ஐயம் இருந்தால் பெரியதையே தேர்ந்தெடுங்கள்.

படி 2: எந்த மயிரால் ஆனது என்று கண்டுகொள்ளுங்கள்

ஃபெல்ட்டில் நெசவு கிடையாது. மயிரிழைகளின் மேற்பரப்பில் உள்ள நுண்ணிய செதில்கள் வெந்நீரிலும் அழுத்தத்திலும் ஒன்றோடொன்று கொக்கிபோல் மாட்டிக்கொண்டு இறுகுவதால் உருவாகும் பொருள் அது. முயல், பீவர் முதலிய விலங்குகளின் மென்மையான அடிமயிரால் செய்ததை ஃபர் ஃபெல்ட் என்றும், ஆட்டுக் கம்பளியால் செய்ததை உல் ஃபெல்ட் என்றும் சொல்வார்கள். முன்னது விரல்களுக்கிடையில் நெகிழ்ந்து, மடித்த மடிப்பை ஏற்றுக்கொண்டு, தூறலையும் ஓரளவு தாங்கும். பின்னது அட்டைபோல் விறைத்திருந்து, நன்றாக நனைந்தால் உருக்குலையும். விலை சற்றுக் கூடினாலும் சேகரிப்பை ஃபர் ஃபெல்ட்டிலேயே தொடங்குவது நல்லது என்பது என் கருத்து. தொப்பிகளில் காணும் 3எக்ஸ், 5எக்ஸ் போன்ற தரக்குறிகளைக் கண்டு அதிகம் மகிழ வேண்டாம். அவற்றுக்கு எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான அளவுகோல் கிடையாது.

படி 3: உட்புறத்தைப் படியுங்கள்

நேரம் செலவிட வேண்டிய படி இதுவே. தொப்பியை மல்லாக்கப் பிடித்துக்கொண்டு, நெற்றியில் படும் தோல் பட்டையை ஓரிடத்தில் மெதுவாக வெளியே மடித்துப் பாருங்கள். தோல் சத்தமின்றி வளைந்தால் நல்லது. காய்ந்த இலைபோல் சலசலத்தாலோ, தையலோரத்தில் செம்பழுப்புத் தூள் உதிர்ந்தாலோ, எவ்வளவு அழகான தொப்பியானாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பட்டையை மாற்றித் தைக்கும் கைவினைஞர்கள் இருக்கிறார்கள் என்றாலும், அந்தக் கூலி தொப்பியின் விலையைத் தாண்டிவிடக்கூடும்.

அதே பட்டைக்குப் பின்னால் அளவும் பிற குறியீடுகளும் அச்சிட்ட சிறிய காகிதச் சீட்டு இருக்கும். சிலவற்றில் தொழிற்சங்க முத்திரைச் சீட்டும் ஒட்டியிருக்கும். அமெரிக்கத் தொப்பித் தொழிலாளர்களின் சங்கமும் கேப், பெண்கள் தொப்பித் தொழிலாளர்களின் சங்கமும் 1934இல் ஒன்றிணைந்ததால், இணைந்த சங்கத்தின் பெயர் சீட்டில் இருந்தால் தொப்பி அந்த ஆண்டுக்குப் பிந்தையது. 1865இல் பிலடெல்பியாவில் தொடங்கிய ஸ்டெட்சன் தொப்பி நிறுவனத்தின் அந்நகர ஆலை 1971இல் மூடப்பட்டது. 1823இல் டான்பரி நகரில் தோன்றிய மாலரி தொப்பி நிறுவனத்தை 1946இல் அதே ஸ்டெட்சன் வாங்கியது. இத்தகைய ஆண்டுகளை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டால், விற்பவர் "1940களின் தொப்பி" என்று சொல்வதை நீங்களே சோதிக்கலாம். விளிம்பின் அகலமும் உதவும். 1940களின் விளிம்புகள் பெரும்பாலும் இரண்டரை அங்குலத்தையொட்டி அகன்றிருக்க, 1960களை நெருங்கும்போது இரண்டு அங்குலத்துக்கும் கீழே சுருங்கிவிட்டன.

பிறகு தொப்பியை வெளிச்சத்துக்கு நேரே தூக்கி, உள்ளிருந்து பாருங்கள். ஊசித்துளைகள்போல் ஒளி தெரிந்தால் அது அந்துப்பூச்சிப் புழுவின் வேலை. முன்புறத்தில் இரு விரல்களால் கிள்ளிய குழிவுகளின் நுனியில் வெடிப்பு இருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். பழைய தொப்பிகள் முதலில் நைந்துபோகும் இடம் அதுதான்.

படி 4: பாதரசத்தை மனத்தில் வையுங்கள்

ஃபெல்ட் இறுகுவதற்காக மயிரைப் பாதரச நைட்ரேட்டில் ஊறவைப்பது ஒருகாலத்தில் வழக்கமாக இருந்தது. அந்த ஆவியைச் சுவாசித்த தொழிலாளர்களுக்குக் கைகால் நடுக்கம் வந்தது. கனெக்டிகட் மாநிலத்தின் தொப்பி நகரமான டான்பரியின் பெயராலேயே அந்த நடுக்கத்தை அழைத்தார்கள். அமெரிக்கத் தொப்பித் தொழிலில் பாதரசப் பயன்பாடு 1941 டிசம்பரில்தான் முடிவுக்கு வந்தது. ஆகவே அதற்கு முந்தைய தொப்பிகளை வீட்டில் ஆவி காட்டாதீர்கள், தூசி தட்டுவதைத் திறந்தவெளியில் செய்யுங்கள், கையாண்ட பின் கைகளைக் கழுவுங்கள். 19ஆம் நூற்றாண்டுத் தொப்பி கிடைத்தால் அதைக் காட்சிக்கு மட்டும் வைத்துக்கொள்வதே சரி. அணிந்து மகிழ விரும்பும் புதியவருக்கு 1940களின் பிற்பகுதியும் 1950களும் ஏற்ற காலம்.

படி 5: துலக்குங்கள்

மென்மையான மயிர்த்தூரிகை இரண்டு வேண்டும், ஒன்று அடர்நிறத் தொப்பிகளுக்கு, மற்றொன்று வெளிர்நிறத் தொப்பிகளுக்கு; ஒன்றையே பயன்படுத்தினால் கறுப்புத் தொப்பியின் தூசி வெள்ளைத் தொப்பியில் ஏறிவிடும். மேலிருந்து பார்க்கும்போது இடஞ்சுழியாக, மயிர் படிந்திருக்கும் திசையிலேயே நீண்ட இழுப்புகளாகத் துலக்க வேண்டும். எண்ணெய்க் கறை உள்ள இடத்தில் சோள மாவைத் தூவி ஓர் இரவு விட்டு மறுநாள் துலக்கினால் கறை பெருமளவு குறையும், ஆனால் அடர்நிறத் தொப்பியில் மாவின் வெண்மை தங்கிவிடக்கூடும். தோல் பட்டைக்குத் தோல் பதனக் களிம்பை மிகச் சிறிதளவு, துணியில் எடுத்துத் தடவுங்கள். ஃபெல்ட்டில் பட்டால் அதுவே புதிய கறையாகிவிடும்.

படி 6: ஆவி காட்டி வடிவம் கொடுங்கள்

கெட்டிலில் நீர் கொதித்து ஆவி சீராக வரும்போது, தொப்பியை ஒரு சாண் தொலைவில் பிடித்துச் சுழற்றுங்கள். ஃபெல்ட் வெதுவெதுப்பாக நெகிழ வேண்டுமே தவிர நனையக்கூடாது. தோல் பட்டையில் ஆவி படாதிருக்க அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பிடியுங்கள். பழைய மடிப்பை உள்ளிருந்து விரல்களால் தள்ளி எடுத்துவிட்டு, உச்சியின் நடுவே உள்ளங்கையின் ஓரத்தால் நீளவாக்கில் ஒரு குழிவு இட்டு, முன்புறத்தின் இருபக்கங்களையும் மெல்ல அமுக்குங்கள். பிடிக்கவில்லையென்றால் மறுபடியும் ஆவி காட்டித் தொடங்கலாம். எனக்கு மூன்றாவது முறையில்தான் இருபக்கமும் ஒத்து வந்தது.

படி 7: அணியுங்கள்

உட்பட்டையின் ஒரு புறத்தில் மிகச் சிறிய முடிச்சு ஒன்று தைத்திருப்பார்கள்; அதுதான் பின்பக்கம். வெளி ரிப்பனின் முடிச்சு ஆண்கள் தொப்பியில் இடப்புறம் வரும். முன்விளிம்பைக் கீழ்நோக்கி இறக்கி, பின்விளிம்பை மேலே விட்டு, தொப்பியைக் காதில் படாமல் சற்றே ஒருபக்கம் சாய்த்து வைத்தால் போதும். எடுக்கும்போதும் வைக்கும்போதும் விளிம்பை முன்னும் பின்னும் இரு கைகளால் பிடியுங்கள். திரைப்படத்தில் பார்த்ததுபோல் உச்சியைக் கிள்ளித் தூக்கினால் அந்தக் கிள்ளலிலேயே ஃபெல்ட் வெடிக்கும். சித்திரை வெயிலில் சென்னைத் தெருவில் ஃபர் ஃபெல்ட் அணிவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மார்கழி மாத உதகையும் கொடைக்கானலும் அதற்குப் பொருத்தமான இடங்கள்.

படி 8: பத்திரப்படுத்துங்கள்

மேசையில் வைக்கும்போது உச்சி கீழே இருக்கும்படி கவிழ்த்து வையுங்கள், இல்லையென்றால் விளிம்பு தட்டையாகிவிடும். மழையில் நனைந்தால் தோல் பட்டையை வெளியே மடித்து அதன்மேல் தொப்பியை நிறுத்தி நிழலில் உலரவிடுங்கள்; வெயிலிலோ ஹேர் டிரையரிலோ காட்டினால் தோல் சுருங்கும். பூட்டிய காரின் பின்கண்ணாடி அருகே வைப்பதும் அதே கேட்டைத்தான் தரும். புதிதாக வாங்கிய பழைய தொப்பியைப் பிற தொப்பிகளோடு சேர்ப்பதற்கு முன், பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி உறைபெட்டியில் இரண்டு வாரம் வைத்தால் அந்துப்பூச்சியின் முட்டைகளும் புழுக்களும் அழியும். வெளியே எடுத்ததும் உடனே திறக்காமல் அறை வெப்பத்துக்கு வரும்வரை பொறுத்திருங்கள். கடற்கரை ஊர்களில் பூஞ்சணம் பெரிய எதிரி என்பதால், மழைக்காலத்தில் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டு, பதினைந்து நாளுக்கு ஒருமுறை திறந்து காற்றாட விடுங்கள். நாஃப்தலின் உருண்டைகளை மட்டும் போடாதீர்கள். அவற்றின் வாடையை ஃபெல்ட் உறிஞ்சிக்கொண்டால், பக்கத்தில் அமர்பவர் உங்கள் தொப்பியின் பழமையை மூக்கால் அறிந்துகொள்வார்.