உங்கள் பகுதி நடக்க ஏற்றதா? வரைபடமும் டேப்பும் வைத்து அளக்கும் முறை

பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம் என்று கேட்டால் ‘இதோ, பின்னாடிதான்’ என்பார்கள். வரைபடத்தில் ஸ்கேல் வைத்தால் 300 மீட்டர்கூட இருக்காது. நடந்து போனால் ஒரு கிலோமீட்டர். நடுவில் ஒரு நீண்ட மதில், அதைச் சுற்றிக்கொண்டு ஒரு பெரிய சாலை. ஒரு பகுதி நடக்க ஏற்றதா என்று அளப்பது பெரும்பாலும் இந்த இரண்டு தூரங்களுக்கும் இடையே உள்ள வித்தியாசத்தை அளப்பதுதான்.

2007இல் வந்த வாக் ஸ்கோர் போன்ற சேவைகள் ஒரு முகவரிக்கு 0 முதல் 100 வரை மதிப்பெண் கொடுத்துவிடும். அது கிடைக்கிற ஊர்களில் ஒரு தடவை பார்த்துக்கொள்ளலாம். ஆனால் 62 என்று வந்தால் மீதி 38 எங்கே போனது என்று அதைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. நாமே அளந்தால் தெரியும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் (யாரும் திருத்தக்கூடிய இலவச இணைய வரைபடம்), ஒரு டேப், நோட்டு, வாட்ச் இருந்தால் போதும்.

படி 1: ஒரு புள்ளி, ஒரு வட்டம்

பகுதியின் நடுவில் ஒரு இடத்தைத் தேர்ந்தெடுங்கள். பஸ் நிறுத்தம் நல்ல தேர்வு. அதை மையமாக வைத்து 400 மீட்டர் ஆரத்தில் வட்டம் போடுங்கள். சாதாரண நடையில் நிமிடத்துக்கு 80 மீட்டர் என்று வைத்தால் இது ஐந்து நிமிட நடை. வட்டத்தின் பரப்பு சுமார் 50 ஹெக்டேர். இந்த 50ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: கால் எட்டும் பரப்பு

இந்த முறையில் முக்கியமான அளவு இதுதான்; அவசரப்பட வேண்டாம். மையத்திலிருந்து கிளம்பும் ஒவ்வொரு தெரு வழியாகவும், கிளைத் தெருக்களிலும் திரும்பி, 400 மீட்டர் முடியும் இடத்தில் புள்ளி வையுங்கள். தூரம் அளக்கும் கருவி உள்ள எந்த இணைய வரைபடமும் இதற்குப் போதும். எல்லாப் புள்ளிகளையும் கோடு போட்டு இணைத்தால் ஒரு கோணல்மாணலான உருவம் வரும். அதன் பரப்பை 50ஆல் வகுங்கள். கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருள் தெரிந்தவர்கள் அதிலேயே வரைந்து பரப்பை எடுக்கலாம். கையால் புள்ளி வைக்கப் பொறுமை இல்லையென்றால் ஓப்பன்ரூட்சர்வீஸ் தளம் நடைதூர எல்லையைத் தானே வரைந்து தரும்.

விடை 1 வரவில்லையே என்று பதற வேண்டாம், வராது. சதுரங்கப் பலகை மாதிரி கச்சிதமாகத் தெரு போட்ட ஊரிலும், நாலு பக்கமும் 400 மீட்டர் நடந்தால் கிடைப்பது வட்டம் அல்ல, ஒரு சாய்சதுரம். அதன் பரப்பு 32 ஹெக்டேர். 32ஐ 50ஆல் வகுத்தால் 0.64. ஆகவே 0.6 வந்தால் அருமை என்று எடுத்துக்கொள்ளலாம். 0.3 வந்தால் எங்கோ சுவரோ, ரயில் பாதையோ, கால்வாயோ வழியை மறிக்கிறது. உருவத்தில் உள்ளே குழிந்திருக்கும் இடத்தைப் பாருங்கள், அங்கேதான் இருக்கும்.

படி 3: சந்திப்புகளை எண்ணுவது

மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட தெருக்கள் சேரும் இடங்களை மட்டும் வட்டத்துக்குள் எண்ணுங்கள். முட்டுச்சந்தின் முனை கணக்கில் வராது. வட்டம் அரைச் சதுர கிலோமீட்டர் என்பதால், எண்ணிக்கையை இரண்டால் பெருக்கினால் சதுர கிலோமீட்டருக்கு எத்தனை என்று கிடைத்துவிடும். 200 மீட்டருக்கு ஒரு குறுக்குத் தெரு உள்ள கட்டமைப்பில் இது 25தான். 100 மீட்டருக்கு ஒன்று என்றால் 100. இடைவெளி பாதியானால் சந்திப்பு நாலு மடங்கு. அமெரிக்காவின் லீட் என்ற பசுமைக் கட்டடத் தரச்சான்று, புதிய குடியிருப்புப் பகுதிகளுக்குச் சதுர மைலுக்கு 140, அதாவது சதுர கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 54 என்று ஒரு வரம்பு வைத்தது. ஒப்பிட அது உதவும்.

நான் முதல் தடவை எண்ணியபோது ஒரு மோசமான பகுதி அபாரமான மதிப்பெண் வாங்கிவிட்டது. காரணம் அப்புறம்தான் புரிந்தது. நடுவே தடுப்பு உள்ள சாலையை வரைபடத்தில் இரண்டு கோடாக வரைந்திருப்பார்கள். அப்படி இரண்டு சாலைகள் வெட்டிக்கொண்டால் ஒரே சந்திப்பு நாலு புள்ளியாகத் தெரியும். ரவுண்டானாவும் அப்படித்தான். எல்லாவற்றையும் ஒன்றாகவே எண்ணுங்கள்.

படி 4: போய்ச் சேர என்ன இருக்கிறது?

படி 2இல் வரைந்த உருவத்துக்குள் என்னென்ன வகை இடங்கள் இருக்கின்றன என்று குறியுங்கள்: மளிகை, மருந்து, பள்ளி, மருத்துவர், பூங்கா, நூலகம், பேருந்து. எண்ணிக்கை வேண்டாம், வகைதான் வேண்டும். ஏழு மருந்துக்கடை இருந்தாலும் அது ஒரு வகையே. இப்படிப் பத்து வகை கொண்ட பட்டியல் ஒன்றை வைத்துக்கொண்டு பத்துக்கு எத்தனை என்று போடுங்கள்.

படி 5: இறங்கி நடங்கள்

வரைபடத்துக்குத் தெரியாதவை இனிமேல்தான். தெருவை 100 மீட்டர் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் போடுங்கள். நடைபாதை தொடர்ச்சியாக உள்ளதா, நிழல் உண்டா, இரவில் வெளிச்சம் உண்டா, ஒவ்வொன்றுக்கும் ஒன்று. நடைபாதையின் அகலத்தை டேப் வைத்து அளக்கும்போது கட்டியது எவ்வளவு என்று பார்க்காதீர்கள், நடக்க மிஞ்சியது எவ்வளவு என்று பாருங்கள். 2 மீட்டர் நடைபாதையின் நடுவே மின்பெட்டி நின்றால் மிஞ்சுவது 80 சென்டிமீட்டர். இரண்டு சக்கர நாற்காலிகள் ஒன்றையொன்று கடக்க 1.8 மீட்டர் வேண்டும்.

சாலையைக் கடக்கும் இடத்தில் வாட்ச்சை எடுங்கள். 18 மீட்டர் சாலையை விநாடிக்கு 1.2 மீட்டர் வேகத்தில் கடக்க 15 விநாடி. முழங்கால் வலி உள்ள ஒருவர் 0.9 மீட்டர் வேகத்தில் நடந்தால் 20 விநாடி. பச்சை 12 விநாடிதான் எரிகிறது என்றால் அங்கே ஓடத் தெரிந்தவர்களுக்குத்தான் வழி.

காத்திருப்பையும் தூரமாக மாற்றலாம். ஐந்து தடவை கடந்து பார்த்து, நின்ற நேரத்தின் சராசரி எடுங்கள். 90 விநாடி வந்தால், அதற்குள் 120 மீட்டர் நடந்திருப்பீர்கள். எனவே அந்தச் சாலைக்கு அப்பால் போகும் வழிகளுக்கு 400 அல்ல, 280 மீட்டர்தான். படி 2இன் உருவத்தை இப்படித் திருத்தி வரைந்தால், சில பகுதிகளில் சாலைக்கு மறுபக்கம் அப்படியே காணாமல் போகும்.

படி 6: எண்களைச் சேர்ப்பதா?

ஒரே பகுதிதான் என்றால் சேர்க்காதீர்கள், நாலு எண்ணும் தனித்தனியே இருக்கட்டும். பல பகுதிகளை வரிசைப்படுத்த வேண்டும் என்றால், ஒவ்வொரு அளவிலும் சராசரியைக் கழித்து, திட்ட விலக்கத்தால் (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவு) வகுத்துவிட்டுக் கூட்டுங்கள். நகரத் திட்டமிடல் ஆய்வாளர் லாரன்ஸ் ஃபிராங்க் குழுவினர் இப்படிக் கூட்டி உருவாக்கிய நடைக் குறியீட்டில் சந்திப்பு அடர்த்திக்கு இரட்டை மதிப்பு. எனக்கென்னவோ அந்த இரட்டை மதிப்பைக் கால் எட்டும் பரப்புக்குத் தரலாம் என்று படுகிறது. இரண்டே பகுதிகளை மட்டும் இப்படி ஒப்பிட்டால் வித்தியாசம் சிறிதோ பெரிதோ, விடை ஒரே மாதிரிதான் வரும். ஐந்தாறு பகுதிகளாவது இருக்க வேண்டும்.

நடக்கும்போது மதிலில் ஒரு சின்னத் திறப்பு தென்படலாம், வரைபடத்தில் அது இருக்காது. பொதுவழிதானா, ராத்திரியில் பூட்டுகிறார்களா என்று விசாரித்துவிட்டு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் சேர்த்துவிடுங்கள். பிறகு படி 2ஐ மறுபடி ஒரு தடவை போட்டுப் பாருங்கள்.