ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இணையத்தில் தேடச் சொல்லித்தருவது எப்படி: பாம்பனை வைத்து ஒரு பாடம்

"பாம்பன் பாலம் பற்றி நெட்டில் பார்த்து ரெண்டு பக்கம் எழுதி வா" என்று சொன்னால் என்ன வரும் என்று ஆசிரியர்களுக்குத் தெரியும். விக்கிப்பீடியாவின் முதல் இரண்டு பத்தி, ஒரு கலர் பிரிண்ட், அப்பாவின் கையெழுத்தில் தலைப்பு. பிள்ளைகளைத் திட்டிப் பிரயோஜனமில்லை, நாம் கொடுத்த வேலையில் தேடுவதற்கே எதுவும் இல்லை.

படி 1: தலைப்பு வேண்டாம், கேள்வி கொடுங்கள்

அதுவும் பக்கத்துக்குப் பக்கம் பதில் மாறுகிற கேள்வியாக இருந்தால் நல்லது. நான் சொல்வது இது: 1964 டிசம்பர் புயலில் பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன பாசஞ்சர் ரயிலில் எத்தனை பேர் இறந்தார்கள்? கேட்க எளிதாக இருக்கும், ஆனால் ஒரே கிளிக்கில் முடியாது.

படி 2: தேடும் சொற்களை முதலில் நோட்டில் எழுத வையுங்கள்

முழுக் கேள்வியையும் தேடல் பெட்டியில் அடிப்பதுதான் பிள்ளைகளின் பழக்கம். அதற்குப் பதிலாக நாலைந்து சொற்கள் போதும்: தனுஷ்கோடி, 1964, புயல், ரயில். தமிழில் தேடும்போது ஒரு தொல்லை, ஒரே ஊரை ராமேஸ்வரம், இராமேஸ்வரம், இராமேசுவரம் என்று ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள், ஆகவே எல்லா எழுத்துக்கூட்டலிலும் ஒரு தடவை தேட வேண்டும். அப்புறம் அதையே ஆங்கிலத்தில்.

வெறுமனே "பாம்பன் பாலம்" என்று போட்டால் மூன்று பாலங்கள் கலந்து வரும்: 1914-ல் திறந்த பழைய ரயில் பாலம், 1988-ல் திறந்த சாலைப் பாலம், 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலம். எந்தப் பக்கம் எதைப் பேசுகிறது என்று பிள்ளைகள் பார்ப்பதே இல்லை. வேண்டாத சொல்லுக்கு முன்னால் இடைவெளி இல்லாமல் ஒரு கழித்தல் குறி போட்டால் அந்தச் சொல் வரும் பக்கங்கள் விலகிவிடும் என்று இங்கே காட்டிக்கொடுங்கள்.

தேடல் பக்கத்தின் உச்சியில் ஏஐ தரும் பதிலை அப்படியே எடுக்கக் கூடாது, அதன் கீழே கொடுத்திருக்கும் இணைப்பைத் திறந்து படித்தால்தான் கணக்கு என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

படி 3: யார் யாரைக் காப்பியடித்தார்கள்?

எனக்கு மிகவும் பிடித்த படி இதுதான், பிள்ளைகளுக்கும் துப்பறியும் வேலை மாதிரி இருப்பதால் குஷியாகச் செய்வார்கள். "பத்து வெப்சைட்டில் போட்டிருக்கு சார், அப்போ உண்மைதானே?" என்று ஒரு பையன் நிச்சயம் கேட்பான். சரி, அந்தப் பத்தில் ஒன்றைத் திறந்து, நடுவிலிருந்து ஏழெட்டுச் சொற்கள் கொண்ட ஒரு தொடரை எடுத்து, இரட்டை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடச் சொல்லுங்கள். அதே தொடர், சில சமயம் அதே எழுத்துப்பிழையோடு, வரிசையாக வந்து நிற்கும். பத்துப் பக்கமும் ஒரே ஆள் எழுதியது என்றால் அது ஒரு சாட்சிதான், பத்து இல்லை.

அந்தப் புயலில் சேதமான பழைய ரயில் பாலத்தைச் சீராக்கிய பொறியாளர் இ. ஸ்ரீதரன் அந்த வேலையை 46 நாளில் முடித்தார் என்ற செய்தியையும் இதே மாதிரி சோதிக்கலாம். எங்கும் 46 என்றே இருக்கும், ஆனால் அந்த எண்ணுக்கு மூலம் எது என்று எழுதியிருக்கும் பக்கம் எத்தனை என்று எண்ணச் சொல்லுங்கள். விக்கிப்பீடியாவைத் தடை செய்யத் தேவையில்லை, கட்டுரையின் அடியில் இருக்கும் மேற்கோள்களுக்குப் போகச் சொன்னால் போதும்.

படி 4: எண் மாறினால் ஏன் என்று கேட்க வையுங்கள்

ரயிலில் இறந்தவர்கள் 115 என்று ஒரு பக்கம் சொல்லும், கிட்டத்தட்ட 200 என்று இன்னொன்று சொல்லும். உடனே எது சரி என்று தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். 115 என்பது 110 பயணிகளையும் 5 ரயில்வே ஊழியர்களையும் கூட்டி வருவது, டிக்கெட் இல்லாமல் ஏறியவர்களையும் உத்தேசமாகச் சேர்ப்பவர்கள் 200 என்கிறார்கள். தேதியும் அப்படித்தான். புயல் அடித்தது நள்ளிரவை ஒட்டி, ஆகவே சிலர் 22 என்பார்கள், சிலர் 23 என்பார்கள். இந்த விளக்கத்தைத் தானே கண்டுபிடித்து எழுதுகிற பிள்ளைக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம், அவள் எந்த எண்ணைப் போட்டிருந்தாலும்.

கொஞ்சம் வேகமான பிள்ளைகள் இருந்தால் கடலுக்கு அந்தப் பக்கமும் அனுப்புங்கள். அதே புயல் இலங்கையில் திருகோணமலையையும் தாக்கியது. நூலகம் என்ற ஈழத்து இணைய நூலகத்திலும், நம் பக்கம் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் தேடிப் பார்க்கட்டும்.

படி 5: குறிப்பெடுப்பது

பக்கத்தின் முகவரி, எழுதியவர் பெயர், பார்த்த தேதி, இந்த மூன்றும் முதலில். அப்புறம் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, படித்ததை நினைவிலிருந்து சொந்த வாக்கியத்தில் எழுத வேண்டும். எண்களைச் சரிபார்க்க மட்டும் திரும்ப நிமிர்த்தலாம். நாலு பேருக்கு ஒரு போன்தான் இருக்கிறதென்றால் ஒருவர் தேட, ஒருவர் வாசிக்க, மற்ற இருவர் எழுத என்று பிரித்துவிடுங்கள், முறை மாற்றிக்கொள்ளட்டும்.

தேதி எதற்கு என்று கேட்பார்கள். அடுத்த மாதம் அந்தப் பக்கம் திறக்காமல் போகலாம், அப்போது முகவரியை வேபேக் மெஷினில் (பழைய இணையப் பக்கங்களின் பிரதிகளைச் சேமித்து வைக்கும் தளம்) போட்டு, குறித்து வைத்த தேதிக்குப் பக்கத்தில் சேமித்த பிரதி கிடைக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.