கோழிக்கும் ஆட்டுக்கும் காவல் நாய்: எந்தக் குட்டியை எடுப்பது?

கோழி வளர்க்கிறவர்கள் நாய் வாங்க நினைப்பது பெரும்பாலும், காலையில் கூண்டைத் திறக்கப் போய் இறகு மட்டும் சிதறிக் கிடப்பதைப் பார்த்த அன்றைக்குத்தான். அந்தக் கோபத்தோடு போய், "நல்லா வேகமா, முரட்டுத்தனமா இருக்கிற குட்டியாக் குடுங்க" என்று கேட்பார்கள். கேட்டபடியே கிடைக்கும். ஆறு மாதம் கழித்து அந்தக் குட்டியே கோழியைத் துரத்திக்கொண்டிருக்கும். ஓடுகிற உயிரைக் கண்டால் பாய்வது வேட்டை நாயின் குணம்; கோழியும் ஆட்டுக்குட்டியும் ஓடுகிற உயிர்கள்தானே. நமக்கு வேண்டியது பட்டியை ஒட்டியே படுத்துக் கிடக்கும், வேற்றாளோ வேற்று விலங்கோ வந்தால் மட்டும் எழுந்து நின்று குரைக்கும், பார்ப்பதற்குக் கொஞ்சம் சோம்பேறி மாதிரி தெரியும் நாய்.

கொல்லையில் பத்திருபது நாட்டுக்கோழி, நாலைந்து வெள்ளாடு என்று புதிதாக ஆரம்பித்தவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். பெரிய பண்ணைக்காரர்களுக்கு இது போதாது.

படி 1: தூக்கிக்கொண்டு போவது எது?

நாய்க்கு முன்னால் இதைக் கண்டுபிடியுங்கள். முட்டை மட்டும் காணோம், ஓடுகூடக் கிடக்கவில்லை என்றால் பாம்பைச் சந்தேகப்படலாம். அது முழுசாக விழுங்கிவிடும். பகலில் குஞ்சுகள் ஒன்றிரண்டாகக் குறைந்தால் பருந்து, வல்லூறு, காகம், கீரி. இரவில் கூரை இடுக்கு வழியாக இறங்கி அடித்திருந்தால் மரநாயோ காட்டுப்பூனையோ. முழுக் கோழியே போய், வேலி வரைக்கும் இறகு வரிசையாக விழுந்து கிடந்தால் நரியாக இருக்கும். ஏழெட்டுக் கோழி செத்துக் கிடக்கிறது, எதையும் தின்னவில்லை, ஆட்டின் பின்தொடை கடிபட்டிருக்கிறது என்றால் சந்தேகமே வேண்டாம், தெருநாய்க் கூட்டம்.

இதில் தெருநாய், நரி, ஆடு திருட வரும் ஆள் ஆகிய மூன்றுக்கும்தான் நாய் சரியான மருந்து. பருந்துக்கு ஓரளவு உதவும், வானத்தைப் பார்த்துக் குரைக்கப் பழகிய நாயாக இருந்தால். மரநாய்க்கு நாயைவிடக் கூண்டின் மேல் அடிக்கும் கம்பிவலை மலிவு. பாம்புக்கு நாயை நம்பவே கூடாது; பாம்போடு மோதிக் கடிபட்டுச் சாவது நாயாகத்தான் இருக்கும்.

இன்னொன்று: நரி, கீரி, மரநாய் எல்லாம் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருபவை. அவற்றை நாயை ஏவிக் கொல்வது குற்றம். விரட்டினால் போதும். உண்மையில் காவல் நாயின் வேலையே அவ்வளவுதான். ஆஸ்திரேலியாவின் வார்னம்பூல் ஊரை ஒட்டிய ஒரு சின்னத் தீவில், நரிகள் தின்றுதின்று 2005இல் பத்துக்கும் குறைவான பென்குயின்களே மிஞ்சின. 2006இல் மரேம்மா என்ற இத்தாலியக் காவல் நாய்களைக் கொண்டுபோய் அங்கே விட்டார்கள். பென்குயின்கள் மறுபடி பெருகின. அதற்கு அந்த நாய்கள் நரிகளைக் கொன்று குவிக்க வேண்டியிருக்கவில்லை. நாயின் வாசனையும் குரைப்பும் இருக்கும் இடத்துக்கு நரி வரத் தயங்கும்.

படி 2: இனம்

இணையத்தில் தேடினால் மரேம்மா, கிரேட் பிரனீஸ், அனடோலியன் ஷெப்பர்ட் என்று பெயர்கள் வரும். மலைநாட்டிலும் குளிர்நாட்டிலும் மந்தை காத்த நாய்கள் அவை. மரேம்மாவுக்கும் பிரனீஸுக்கும் கம்பளி போர்த்தியது மாதிரி முடி. நம் ஊர் சித்திரை வெயிலில் வாசலில் கட்டி வைத்தால் அதற்குத் தண்டனை, நமக்குச் செலவு. விட்டுவிடுங்கள்.

நம் இனங்களில் சிப்பிப்பாறையும் கன்னியும் அழகான நாய்கள், எனக்கும் பிடிக்கும். ஆனால் இரண்டும் கண்ணால் பார்த்து ஓடிப் பிடிக்கும் முயல் வேட்டை நாய்கள். குட்டியிலிருந்தே கோழியோடு வளர்ந்து சாதுவாக இருப்பவையும் உண்டு, ஆனால் முதல்முறை நாய் வளர்ப்பவர் அதை நம்பி இறங்க வேண்டாம். ராஜபாளையத்துக்கு 2005இல் தபால்தலையே வெளியிட்டார்கள், அவ்வளவு பெயர். வீட்டுக் காவலுக்கு நல்ல நாய்தான், ஆனால் வேட்டை ரத்தம் அதற்கும் உண்டு. வெள்ளை நிறத்தோடு சேர்ந்து சில குட்டிகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது என்பதையும் மனதில் வையுங்கள். தேனி மாவட்டத்துக் கோம்பை, பன்றி வேட்டைக்குப் போன நாய். செம்பழுப்பு உடம்பு, கறுத்த மூஞ்சி. காவலுக்குக் கெட்டி, சொன்னபடி கேட்க வைப்பதற்கு அனுபவம் வேண்டும்.

என்னைக் கேட்டால், புதிதாக ஆரம்பிப்பவர் இனப்பெயரை மறந்துவிட்டு, ஆட்டுப்பட்டியில் பிறந்த நாட்டு நாய்க்குட்டியைத் தேடுவது நல்லது. காடு காடாகக் கிடை போடும் கீதாரிகளோடு, அதாவது ஊர் ஊராக ஆடு மேய்த்துப் போகிறவர்களோடு, போகும் நாய்களைக் கவனித்திருப்பீர்கள். சாதிச் சான்றிதழ் எதுவும் கிடையாது. நடுப்பகலில் ஆடுகளுக்கு நடுவே கண்மூடிக் கிடக்கும், சினை ஆடு மேலே இடறினாலும் ஒரு உறுமல் கிடையாது. அந்நியன் வரப்பில் கால் வைத்தால்தான் தலை நிமிரும். அந்த மாதிரித் தாய்க்குப் பிறந்த குட்டியை, எந்தச் சந்தையில் என்ன விலை கொடுத்தாலும் வாங்க முடியாது. ஆட்டுக்காரரிடம் முறையாகக் கேட்டால் சும்மாவே கிடைக்கலாம்.

படி 3: குட்டியைப் பார்க்கப் போகும்போது

முதலில் தாயைப் பாருங்கள். அதன் பக்கத்தில் கோழி மேய்கிறதா? கோழி தட்டுக்கு அருகில் வந்தால் தாய் என்ன செய்கிறது? இந்த ஐந்து நிமிடக் காட்சி போதும், மற்றதெல்லாம் அப்புறம்.

குட்டிக்கு எட்டு வாரம் ஆகியிருக்க வேண்டும். அதற்கு முன் தாயிடமிருந்து பிரித்தால் கடியின் அளவு அதற்குத் தெரியாது. ஒரே ஈற்றுக் குட்டிகள் ஒன்றையொன்று கடித்து, அலறி, விட்டுக்கொடுத்துத்தான் அதைக் கற்றுக்கொள்கின்றன. ரொம்பத் தாமதிக்கவும் வேண்டாம். மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டு, பதினான்காவது வாரம் வரை குட்டி யார் யாரைத் தன் கூட்டம் என்று மனதில் பதிக்கும் காலம். அதற்குள் அது ஆட்டையும் கோழியையும் தினமும் பார்க்க வேண்டும்.

பிறகு மூன்று சின்னச் சோதனைகள். ஒரு கந்தல் துணியைக் கயிற்றில் கட்டித் தரையில் வெடுக்கென்று இழுங்கள். பாய்ந்து கவ்வி, தலையை உதறி உதறிக் கிழிக்கிற குட்டி படு சுட்டி, ஆனால் உங்களுக்கு வேண்டாம். எட்டிப் பார்த்து, மெதுவாக வந்து மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிற குட்டியை மனதில் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து, சற்றுத் தள்ளி ஒரு எவர்சில்வர் தட்டைக் கீழே போடுங்கள். திடுக்கிடலாம், தப்பில்லை, கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து பார்க்க வேண்டும். மூலைக்குள் ஒடுங்கி வெளியே வராத குட்டி பயந்தாங்கொள்ளி, பின்னாளில் பயத்தில் கடிக்கும். தட்டு விழுந்ததே தெரியாமல் விளையாடிக்கொண்டிருந்தால் காதைச் சோதியுங்கள், அதன் முதுகுக்குப் பின்னால் நின்று கைதட்டி. கடைசியாக, குட்டியைத் தூக்கி மடியில் மல்லாத்திப் பிடியுங்கள். கொஞ்சம் முரண்டு பண்ணிவிட்டு அடங்கினால் சரி.

ஆணா பெண்ணா என்பதில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் கருத்தடை செய்யாத பெண் நாய் பருவத்துக்கு வந்தால் ஊரிலுள்ள ஆண் நாய்களெல்லாம் உங்கள் வேலியடியில்தான் நிற்கும். எதைத் தடுக்க நாய் வாங்கினீர்களோ அதையே கூப்பிட்டு விருந்து வைத்த மாதிரி. எப்போது செய்வது என்று கால்நடை மருத்துவரிடம் முன்னாடியே கேட்டுவிடுங்கள்.

குட்டியை வளர்க்கப் பொறுமை இல்லையென்றால், கோழிகளோடு ஏற்கெனவே பழகிய வளர்ந்த நாயை எடுப்பது நல்ல யோசனை. குட்டி நம்பிக்கைக்குரிய காவலாகத் தேற ஒன்றரை, இரண்டு வருடம் ஆகும்.

படி 4: பழக்குவது

குட்டியின் படுக்கை முதல் நாளிலிருந்தே பட்டிக்குப் பக்கத்தில் இருக்கட்டும். திண்ணையில் படுத்துப் பழகினால் அது திண்ணையைத்தான் காக்கும். கம்பித் தடுப்புக்கு இந்தப் பக்கம் குட்டி, அந்தப் பக்கம் கோழி என்று சில வாரம் போகட்டும். அப்புறம் நீளக் கயிற்றில் கட்டி, நீங்கள் கூடவே இருந்து, கோழிகளுக்கு நடுவே நடத்துங்கள். கோழி படபடவென்று சிறகடிக்கும் அந்த நொடிதான் பரீட்சை. குட்டியின் உடம்பு விறைத்து, காது முன்னால் வந்து, பார்வை ஒரே கோழி மேல் குத்திட்டு நின்றால், பாய்வதற்கு முன்பே கயிற்றை இழுத்துத் திருப்புங்கள். பாய்ந்த பிறகு அடிப்பதால் பிரயோஜனம் இல்லை. ஒரு வயது தாண்டும் வரை குஞ்சுகளோடு தனியாக விட வேண்டாம்.

வீட்டுப் பிள்ளைகள் பந்தெறிந்து விளையாடுவார்கள். அதை மட்டும் தடுத்துவிடுங்கள். துரத்திக் கவ்வுவதற்கு அதைவிட நல்ல பயிற்சி கிடையாது. சோற்றுத் தட்டைக் கோழிக்கு எட்டாத இடத்தில் வையுங்கள், தட்டில் மூக்கை நுழைக்கும் கோழியைச் சாதுவான நாயும் கடிக்கும். செத்த கோழியை நாய்க்குப் போடாமல் ஆழமாகப் புதையுங்கள். உடைந்த முட்டையும் அப்படியே.

படி 5: ஊசியும் பூச்சி மருந்தும்

ஆறு முதல் எட்டு வாரத்தில் பார்வோ, டிஸ்டெம்பர் என்ற, குட்டிகளைக் கொல்லும் வைரஸ் நோய்களுக்கான தடுப்பூசி, மருத்துவர் சொல்லும் இடைவெளியில் அடுத்தடுத்த ஊசிகள், மூன்று மாதத்தில் ரேபிஸ் ஊசி, பிறகு வருடா வருடம். இது எல்லோருக்கும் தெரிந்தது.

ஆடு வைத்திருப்பவர்கள் பலர் கவனிக்காதது நாடாப்புழு. நாயின் குடலில் இருக்கும் ஒருவகை நாடாப்புழுவின் முட்டை மேய்ச்சல் வழியாக ஆட்டுக்குள் போய், மூளையில் நீர்க்கட்டியாக வளரும். ஆடு தலையை ஒருபக்கம் சாய்த்துக்கொண்டு அதே இடத்தில் சுற்றிச்சுற்றி வரும், கடைசியில் விழுந்துவிடும். அந்த ஆட்டின் தலையை நாய்க்குப் போட்டால் புழு மறுபடி நாய்க்குள். இன்னொரு வகை மனிதர்களின் ஈரலிலும் நுரையீரலிலும் கட்டி உண்டாக்கும். அதனால் வளர்ந்த நாய்க்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பிராசிகுவாண்டல் அடங்கிய பூச்சி மாத்திரையை எடைக்குத் தக்கபடி கொடுங்கள். ஆடறுத்த வீட்டுக் குடல், ஈரல், தலையைப் பச்சையாகப் போடவே கூடாது, நன்றாக வேகவைத்துத்தான்.

மலையடிவாரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சிறுத்தை நடமாட்டம் உள்ள இடத்தில் இரவில் நாயை வெளியே கட்டி வைக்காதீர்கள். சிறுத்தைக்கு நாயே இரைதான், கட்டிய நாயால் ஓடவும் முடியாது. அங்கே ஆடு, கோழி, நாய் எல்லாம் கூரையும் கதவும் உள்ள கொட்டகைக்குள் போய்விட வேண்டும். உள்ளிருந்து குரைத்து உங்களை எழுப்பினால் போதும்.