மூன்று மதிப்பு, ஒரே கட்டம்: பாண்டாஸில் அட்டவணை கட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பைத்தான் ஃபங்ஷனின் கடைசியில் 'ரிட்டர்ன் சராசரி, அதிகம், குறைவு' என்று எழுதினால் மூன்று மதிப்புகள் வருகின்றன என்றுதான் பேச்சுவழக்கில் சொல்வோம். உண்மையில் வருவது ஒன்றே ஒன்று: மூன்றையும் சேர்த்துக் கட்டிய டியூப்பிள். அதனால்தான் இந்த ஃபங்ஷனை மதிப்பெண் பட்டியலின் ஒவ்வொரு வரிசைக்கும் பாண்டாஸின் (பைத்தானில் அட்டவணைகளைக் கையாளும் நூலகம்) அப்ளை மூலம் ஓட்டினால், மூன்று நெடுவரிசைகளுக்குப் பதிலாக ஒன்றே கிடைக்கிறது. அதன் ஒவ்வொரு கட்டத்திலும் (62.5, 91, 34) என்று மொத்தமாக உட்கார்ந்திருக்கும். அப்ளையில் ரிசல்ட்_டைப் என்ற இடத்தில் 'எக்ஸ்பேண்ட்' கொடுத்தால் பிரிந்துவிடும்.

சரி, பிரிந்துவிட்டது. ஆனால் டியூப்பிளில் பெயர் கிடையாது, இடம் மட்டும்தான். நாளைக்கு யாராவது ஃபங்ஷனுக்குள் அதிகத்தையும் குறைவையும் இடம் மாற்றி எழுதினால் பைத்தான் மூச்சுவிடாது. அதிகபட்ச மதிப்பெண் 34 என்று அறிக்கை போய்விடும். அதனால் இரண்டு மதிப்புகளுக்கு மேல் போனால் டிக்‌ஷனரியாகவே திருப்பி அனுப்புவது நல்லது; அதில் ஒவ்வொரு மதிப்புக்கும் 'சாவி' என்ற பெயர் உண்டு: {'சராசரி': 62.5, 'அதிகம்': 91, 'குறைவு': 34}. இவற்றை ஒரு லிஸ்ட்டில் சேர்த்து டேட்டாஃப்ரேமிடம் (பாண்டாஸின் அட்டவணை) கொடுத்தால் சாவிகளே தலைப்புகளாகிவிடும்.

இங்கேதான் அடுத்த வம்பு. லூப்புக்கு வெளியே ஒரே ஒரு காலி டிக்‌ஷனரியை வைத்து, உள்ளே அதன் மதிப்புகளை மட்டும் மாற்றி மாற்றி லிஸ்ட்டில் அப்பெண்ட் செய்கிறவர்கள் நிறையப் பேர். முடிவில் அட்டவணையில் 40 வரிசை இருக்கும், நாற்பதிலும் கடைசி மாணவரின் மதிப்பெண்தான் இருக்கும். லிஸ்ட் பிரதி எடுத்து வைத்துக்கொள்வதில்லை. ஒரே பொருளை 40 முறை சுட்டுகிறது, அவ்வளவுதான். புது டிக்‌ஷனரி ஒவ்வொரு சுற்றிலும் பிறக்க வேண்டும். அதை ஃபங்ஷனுக்குள்ளேயே உருவாக்கினால் இந்தப் பிரச்சினை எழாது.

லூப்புக்குள் அட்டவணையையே வளர்ப்பதும் வேண்டாம். ஒவ்வொரு முறையும் பழைய அட்டவணை முழுக்கப் பிரதியாகும். டேட்டாஃப்ரேமின் அப்பெண்டை 2023-இல் வந்த பாண்டாஸ் 2.0 தூக்கியே விட்டது. பழைய பாடங்களைப் பார்த்து எழுதினால் பிழைச்செய்திதான் வரும். அதற்குப் பதில் கான்கேட்டை (அட்டவணைகளை ஒட்டும் ஃபங்ஷன்) லூப்புக்குள் வைத்தாலும் அதே மந்தம்தான்.

அப்புறம், தேர்வுக்கு வராதவர்கள். அவர்களுக்கு ஃபங்ஷன் பாதியிலேயே ஒன்றும் திருப்பாமல் வெளியேறினால் பைத்தான் கொடுப்பது 'நன்' (None, அதாவது 'ஒன்றுமில்லை'). அதை மூன்றாகப் பிரிக்கப் போனால் டைப்எரர் என்ற பிழை வரும். சிலர் 0 போட்டுச் சமாளிப்பார்கள். வகுப்புச் சராசரி சத்தமில்லாமல் இறங்கிவிடும். அதே மூன்று சாவிகளோடு மதிப்புகளை மட்டும் காலியாக விடுவதே சரி. ஒரு பக்கவிளைவு உண்டு: காலிக் கட்டம் கலந்ததும் அந்த நெடுவரிசையின் முழு எண்கள் தசமமாகி, 91 என்பது 91.0 என்று தெரியும். உறுத்தினால் அந்த நெடுவரிசையை 'இன்ட்64' (Int64) வகைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். முதல் எழுத்து பெரிய எழுத்தாக இருக்க வேண்டும். சிறிய எழுத்தில் உள்ளது காலிக் கட்டத்தை ஏற்காது.