சுருக்கமுறைக் கடன் வழக்கில் எதிர்வாதம் செய்ய அனுமதி கேட்பது எப்படி?

புரோநோட்டுக் கடனுக்காக உங்கள் மேல் போட்ட வழக்கின் சம்மன் வந்திருக்கிறது. வழக்கமான பண வழக்கு என்றால் பதிலுரை போட 30 நாள் உண்டு. சுருக்கமுறை வழக்கில் அந்த அவகாசம் கிடையாது. நீதிமன்றத்தின் அனுமதி வாங்காமல் உங்கள் தரப்பைச் சொல்லவே முடியாது. வாதாட நல்ல விஷயம் கையில் இருந்தும் 10 நாள் கெடுவைக் கோட்டைவிட்டுத் தோற்பவர்களைப் பார்த்தால் மனம் பொறுப்பதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் பிராதைப் பாருங்கள்

சம்மனோடு பிராதின், அதாவது வாதி தாக்கல் செய்த வழக்கு மனுவின், நகலும் வரும். அதில் வழக்கு எண்ணுக்குக் கீழே, 1908-ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டம், கட்டளை 37-இன் கீழ் தாக்கல் செய்தது என்று எழுதியிருக்கும். அந்த ஒரு வரி இருந்தால் இது சுருக்கமுறை வழக்கு. புரோநோட்டு, காசோலை, உண்டியல் (ஹுண்டி எனப்படும் பணம் கொடுக்கச் சொல்லும் சீட்டு), எழுத்து ஒப்பந்தப்படி வர வேண்டிய குறிப்பிட்ட தொகை போன்றவற்றுக்கு இந்த வழி உண்டு. வாய்மொழியாகக் கொடுத்த கைமாற்றை வைத்து இப்படி வழக்குப் போட முடியாது. அப்படிப் போட்டிருந்தால் அதுவே உங்கள் முதல் ஆட்சேபணை.

முதல் 10 நாள்: ஆஜராவது

சம்மன் கிடைத்த நாளை விட்டுவிட்டு எண்ணுங்கள். 10 நாளுக்குள் நீங்களோ உங்கள் வக்கீலோ ஆஜராகி, உங்களுக்கு நோட்டீஸ் அனுப்ப வேண்டிய முகவரியைத் தாக்கல் செய்ய வேண்டும். அன்றைக்கே வாதியின் வக்கீலுக்கும் தகவல் போக வேண்டும். இதைச் செய்யாவிட்டால் பிராதில் சொன்னதை நீங்கள் ஒப்புக்கொண்டதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும், டிக்ரி (பணம் கட்டச் சொல்லும் தீர்ப்பாணை) ஆகிவிடும். இந்தக் கட்டத்தில் பதிலுரை தேவையில்லை.

இரண்டாவது 10 நாள்: அனுமதி மனு

நீங்கள் ஆஜரானதும், தீர்ப்புக்கான சம்மன் என்று இன்னொன்றை வாதி அனுப்புவார். ‘பிரதிவாதிக்கு எதிர்வாதம் எதுவும் இல்லை’ என்று அவர் செய்த பிரமாணமும் கூடவே வரும். அது கிடைத்த 10 நாளுக்குள், பிரமாணப் பத்திரத்தோடு எதிர்வாதம் செய்ய அனுமதி கேட்டு மனு போட வேண்டும். முதல் சம்மனுக்குத்தான் ஆஜராகிவிட்டோமே என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள்.

பிரமாணப் பத்திரம் எழுதுவது

இங்கேதான் வழக்கே நிற்கிறது. ‘நான் வாதிக்கு எதுவும் தர வேண்டியதில்லை, வழக்கு பொய்யானது’ என்று மட்டும் எழுதினால் அனுமதி கிடைப்பது கஷ்டம். 2,00,000 ரூபாய் புரோநோட்டு என்று வைத்துக்கொள்வோம். இப்படி எழுதுங்கள்:

‘2023 மார்ச் 10 அன்று 50,000 ரூபாயும், ஜூன் 5 அன்று 30,000 ரூபாயும் என் வங்கிக் கணக்கிலிருந்து வாதியின் கணக்குக்கு அனுப்பினேன். கணக்கு விவர நகல் ஆவணம் 1. இந்த இரண்டு தொகையையும் பிராதில் கழிக்கவில்லை.’

தேதி, தொகை, ஆவணம் மூன்றும் அதில் இருக்கின்றன. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: இப்படி எழுதும்போது மீதி 1,20,000 பாக்கி என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள். ஒப்புக்கொண்ட தொகையை நீதிமன்றத்தில் கட்டினால்தான் அனுமதி கிடைக்கும். பணத்துக்கு ஏற்பாடு செய்துவிட்டு எழுதுங்கள்.

‘வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்’ என்ற வாதம் மட்டும் போதாது. கையெழுத்தை ஒப்புக்கொண்டால், புரோநோட்டுக்குப் பணம் கைமாறியது என்றுதான் சட்டம் முதலில் அனுமானிக்கும். எதற்காகக் கையெழுத்துப் போட்டீர்கள், உண்மையில் எவ்வளவு வாங்கினீர்கள், யார் உடனிருந்தார்கள் என்பதைச் சொல்ல வேண்டும். அதேபோல, 3 வருடக் காலவரம்பு தாண்டிவிட்டது என்பதும் நல்ல எதிர்வாதம்தான். ஆனால் இடையில் பணம் கட்டி, அதை எழுத்தில் ஒப்புக்கொண்டிருந்தால் காலம் புதிதாக ஓட ஆரம்பித்திருக்கலாம். பணம் கட்டியதையும் காலவரம்பு தாண்டியதையும் ஒன்றாக எழுதுமுன் வக்கீலிடம் கேட்டுவிடுங்கள்.

நீதிபதி என்ன பார்ப்பார்?

நீங்கள் ஜெயிப்பீர்களா என்று இப்போது பார்ப்பதில்லை, விசாரிக்க விஷயம் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார். ஐடிபிஐ டிரஸ்டிஷிப் எதிர் ஹப்டவுன் வழக்கில் 2016-இல் உச்ச நீதிமன்றம் இதைப் படிப்படியாகச் சொல்லியிருக்கிறது. நியாயமான எதிர்வாதம் தெரிந்தால் பொதுவாக நிபந்தனையில்லாத அனுமதி கிடைக்கும். அதன் உண்மைத்தன்மையில் சந்தேகம் வந்தால் பணம் கட்டு, ஜாமீன் கொடு என்று நிபந்தனை வரும். வாதத்தில் சத்தே இல்லையென்றால் மனு தள்ளுபடி, உடனே டிக்ரி. நிபந்தனை போட்ட தேதிக்குள் பணம் கட்டத் தவறினாலும் டிக்ரிதான்.

அனுமதி கிடைத்ததும் பதிலுரை போடுங்கள். அப்புறம் வழக்கு சாதாரண வழக்கு மாதிரி நடக்கும்.

நாள் தவறிவிட்டால்

தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் நீதிமன்றம் மன்னிக்கலாம். மருத்துவமனையில் இருந்திருந்தால் டிஸ்சார்ஜ் சம்மரியை இணையுங்கள். டிக்ரியே ஆகிவிட்டாலும், சிறப்புச் சூழ்நிலை இருந்தால் அதை ரத்து செய்யக் கேட்க அதே கட்டளை 37-இன் விதி 4 இடம் தருகிறது. வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லையென்றால் 15100 என்ற எண்ணில் சட்ட உதவி கேளுங்கள். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் கிடைப்பார். கூப்பிட்டவுடன், சம்மன் என்றைக்குக் கிடைத்தது என்பதை முதலில் சொல்லுங்கள்.